பாட்டுக்குப் பூட்டு!

கடைக்குப் போகிறீர்கள். ஒரு சோற்றுப் பானை வாங்குகிறீர்கள். கேட்ட விலையைக் கொடுக்கிறீர்கள். பானையைக் கையில் எடுத்ததும் கடைக்காரர் சொல்கிறார்:

"ஒரு நிமிஷம்! இந்தப் பானையை என் கடையில் வாங்கிய அடுப்பில்தான் வைக்கவேண்டும். வேறு கடை அடுப்பில் வைத்தால் சோறு வேகாது. அடுப்பை மாற்றினால் என்னிடம் வந்து அனுமதி கேட்கவேண்டும். நான் கடையை மூடிவிட்டால், பிறகு நீங்கள் அடுப்பை மாற்றவே கூடாது!"

நீங்கள் என்ன செய்வீர்கள்? "உன் பானையும் வேண்டாம், உன் அடுப்பும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுவீர்கள்.

ஆனால், இப்படி ஒரு வியாபாரம் உண்மையாகவே நடந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தது. லட்சக்கணக்கான பேர் பணம் கொடுத்து வாங்கினார்கள். அவர்கள் வாங்கியது பானை அல்ல. பாட்டு!

அந்தக் கதையை இன்று சொல்கிறோம். "பழைய கதைதானே" என்று தள்ளிவிடாதீர்கள். பாட்டை விட்டு இறங்கிய அந்தப் பூட்டு, இப்போது புத்தகத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. சினிமாவில் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் செல்போனுக்குள்ளும் இருக்கிறது.

ஒரு வீடு, மூன்று பெட்டி

2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு குடும்பம் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா, மகள். மூன்று பேருக்கும் பாட்டு என்றால் உயிர்.

அப்பாவிடம் ஆப்பிள் கம்பெனியின் "ஐபாட்" இருக்கிறது. சீட்டுக்கட்டு அளவுள்ள சிறிய பாட்டுப் பெட்டி அது. அவர் ஆப்பிளின் கடையில் பாட்டு வாங்குகிறார். இந்தக் கடைக்கு நடந்து போகவேண்டியது இல்லை. இன்டர்நெட் மூலம் கம்ப்யூட்டருக்கே பாட்டு வந்துவிடும்.

அம்மாவிடம் சோனி கம்பெனியின் பெட்டி இருக்கிறது. அவர் சோனியின் கடையில் வாங்குகிறார். மகளிடம் இருப்பது வேறொரு கம்பெனிப் பெட்டி. அவள் மைக்ரோசாப்டின் கடையில் வாங்குகிறாள்.

ஒரு பாட்டின் விலை ஏறத்தாழ ஒரு டாலர். ஒரே பாடகர், ஒரே பாட்டு, ஒரே காசு. ஆனால் அப்பா வாங்கிய பாட்டு அம்மாவின் பெட்டியில் பாடாது. அம்மா வாங்கியது மகளின் பெட்டியில் பாடாது. மகள் வாங்கியது இருவருடைய பெட்டியிலும் பாடாது. ஒரு வீட்டில் மூன்று பேரும் ஒரே பாட்டைக் கேட்க வேண்டுமானால், மூன்று முறை காசு கொடுக்கவேண்டும்.

பெட்டி ரிப்பேரா? இல்லை. பாட்டில் கோளாறா? அதுவும் இல்லை. வேண்டும் என்றே செய்த ஏற்பாடு!

முன்பு இப்படி இருந்ததா?

இசைத்தட்டு வந்த புதிதில் இதுபோல ஒரு சண்டை நடந்தது. பாடும் எந்திரத்தைக் கண்டுபிடித்தவர் தாமஸ் எடிசன். ஆண்டு 1877. பிற்பாடு 1912-இல் அவர் கனமான இசைத்தட்டுகளை விற்பனைக்குக் கொண்டு வந்தார். மற்றக் கம்பெனித் தட்டுகளில் ஊசி பக்கவாட்டில் அசையும். எடிசன் தட்டில் மேலும் கீழுமாக அசையும். அதனால் எடிசன் தட்டு மற்றவர் எந்திரத்தில் பாடாது. "என் தட்டில்தான் ஒலி சுத்தம்" என்றார் எடிசன். ஜனங்கள் எந்தத் தட்டும் பாடுகிற எந்திரத்தையே விரும்பினார்கள். 1929-இல் எடிசன் கம்பெனி இசைத்தட்டு வியாபாரத்தையே விட்டுவிட்டது.

அடுத்த சண்டை 1948-இல் வந்தது. நிமிஷத்துக்கு 33 சுற்றுச் சுற்றும் பெரிய தட்டை கொலம்பியா கம்பெனி கொண்டு வந்தது. மறு ஆண்டே ஆர்.சி.ஏ. கம்பெனி 45 சுற்றுத் தட்டைக் கொண்டு வந்தது. பழைய 78 சுற்றுத் தட்டு ஏற்கனவே இருந்தது. எதை வாங்குவது என்று ஜனங்கள் திகைத்தார்கள். எந்திரம் செய்கிறவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். எந்திரத்தில் ஒரு சிறிய விசை வைத்தார்கள். 33, 45, 78 என்று திருப்பிக்கொள்ளலாம். சண்டை தீர்ந்தது. நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அந்த விசை நினைவு இருக்கும்.

1963-இல் பிலிப்ஸ் கம்பெனி கேசட்டைக் கொண்டு வந்தது. மற்றக் கம்பெனிகளும் அதே அளவில் கேசட் செய்ய அனுமதி கொடுத்தது. 1982-இல் பிலிப்சும் சோனியும் கூடிப் பேசி சி.டி.யைக் கொண்டு வந்தன. எந்தக் கடையில் வாங்கிய சி.டி.யும் எந்தப் பெட்டியிலும் பாடியது. இரவல் கொடுக்கலாம். பழையதை விற்கலாம். பேரப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். வாங்கியவர்தான் சொந்தக்காரர். அதில் சந்தேகமே இல்லை.

பிறகு எங்கே வந்தது வினை?

பாட்டு எண்ணாக மாறியது

சி.டி.யில் பாட்டு எண்களாக இருக்கிறது. ஒரு விநாடி ஒலியை 44,100 தடவை அளந்து, அந்த அளவுகளை எழுதி வைக்கிறார்கள். இப்படி எழுதினால் ஒரு பாட்டுக்கு ஏராளமான இடம் பிடிக்கும்.

ஜெர்மனியில் பிரான்ஹோபர் என்ற ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் இதைச் சுருக்க வழி கண்டார்கள். தவில் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பது உங்கள் காதில் விழுமா? விழாது. அப்படிக் காதில் விழாத ஒலிகளை எழுதாமல் விட்டுவிட்டால் என்ன? பத்தில் ஒரு பங்கு இடம் போதும்! இப்படிச் சுருக்கிய பாட்டுக்கு "எம்பி3" என்று பெயர். 1995-இல் அந்தப் பெயர் சூட்டப்பட்டது.

சுருங்கிய பாட்டு இன்டர்நெட்டில் பறக்கத் தொடங்கியது. 1999-இல் அமெரிக்காவில் "நாப்ஸ்டர்" என்ற ஏற்பாடு வந்தது. ஒருவர் கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டை, முன்பின் தெரியாத இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம். காசு கிடையாது. கோடிக்கணக்கான பாட்டுகள் இப்படிக் கை மாறின.

இது சரியா? சரியல்ல. பாட்டு எழுதியவர் ஒருவர். இசை அமைத்தவர் ஒருவர். பாடியவர் ஒருவர். வாத்தியம் வாசித்தவர் பத்துப் பேர். அவர்களுக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். உழைத்தவருக்குக் கூலி கொடுக்காமல் பொருளை எடுப்பதற்கு என்ன பெயர் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். இசைக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 2001-இல் நாப்ஸ்டர் நின்றது.

ஆனால், கம்பெனிகளின் பயம் நிற்கவில்லை. "இனிமேல் பாட்டை இன்டர்நெட்டில் விற்றால், பூட்டுப் போட்டுத்தான் விற்போம்" என்று சொன்னார்கள். பாட்டுக்குப் பூட்டு வந்தது இப்படித்தான்.

பூட்டு எப்படி வேலை செய்தது?

பாட்டை ஓர் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி உங்களிடம் அனுப்புகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எண்களை எல்லாம் கலைத்துப் போட்டுவிடுவார்கள். அதுதான் பெட்டி. கலைத்ததைச் சரியாக அடுக்க ஒரு ரகசிய எண் உண்டு. அதுதான் சாவி.

சாவியை உங்கள் கையில் தரமாட்டார்கள். உங்கள் கம்ப்யூட்டர், கம்பெனியின் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டுக் கேட்கும். "இவர் காசு கொடுத்தவரா?" என்று கம்பெனி பார்க்கும். சரி என்றால், உங்கள் கம்ப்யூட்டருக்குள் சாவியை ஒளித்து வைக்கும். புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால், மறுபடியும் கேட்கவேண்டும்.

2003 ஏப்ரல் 28-ந் தேதி ஆப்பிள் கம்பெனி தன் "ஐடியூன்ஸ்" கடையைத் திறந்தது. ஒரு பாட்டு 99 சென்டு. கடையில் 2 லட்சம் பாட்டுகள். முதல் வாரத்திலேயே 10 லட்சம் பாட்டுகள் விற்றன. ஜனங்கள் திருடர்கள் அல்ல, நேர்மையான கடை இருந்தால் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பதற்கு அது சாட்சி.

ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் ஆப்பிளின் பூட்டு இருந்தது. தொடக்கத்தில் 3 கம்ப்யூட்டர்களில் கேட்கலாம். பிறகு அது 5 ஆயிற்று. ஐபாடில் கேட்கலாம். வேறு கம்பெனிப் பெட்டியில் கேட்க முடியாது. மற்றக் கம்பெனிகளுக்கு ஆப்பிள் தன் சாவியைத் தர மறுத்தது.

ஒரு வழி இருந்தது. பாட்டை வெறும் சி.டி.யில் பதியலாம். பிறகு அந்த சி.டி.யில் இருந்து எம்பி3 ஆக எடுக்கலாம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை! ஒலியின் தரமும் குறையும். நூறு பாட்டு வைத்திருப்பவர் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளை இதற்குச் செலவிடுவார்?

"நிச்சயம் பாடும்!"

சோனி கம்பெனியின் கதை இன்னும் வேடிக்கை. பாட்டுப் பெட்டி செய்வதும் சோனி. பாட்டு வெளியிடுவதும் சோனி. ஒரு கை பெட்டி விற்க வேண்டும் என்றது. மறு கை பாட்டைப் பூட்ட வேண்டும் என்றது. பூட்டுகிற கையே வென்றது. சோனிப் பெட்டிகள் முதலில் எம்பி3 பாட்டைக்கூட நேராகப் பாடவில்லை. சோனியின் சொந்த முறைக்கு மாற்றிக் கொடுக்கவேண்டும். உலகத்துக்கு "வாக்மேன்" கொடுத்த கம்பெனி அது. இந்தப் பிடிவாதத்தால் ஆப்பிளுக்கு வழி விட்டு நின்றது.

மைக்ரோசாப்ட் வேறு வழியில் போனது. தன் பூட்டைப் பல கம்பெனிகளுக்குக் கொடுத்தது. "இந்த முத்திரை உள்ள கடையில் பாட்டு வாங்குங்கள். இதே முத்திரை உள்ள பெட்டி எதிலும் பாடும்" என்று 2004-இல் சொன்னது. அந்த முத்திரையின் பெயர் என்ன தெரியுமா? "பிளேஸ் பார் ஷ்யூர்!" நம் தமிழில் சொன்னால், "நிச்சயம் பாடும்!"

ஜனங்கள் நம்பினார்கள். வாங்கினார்கள்.

2006 நவம்பரில் மைக்ரோசாப்ட் தானே ஒரு பாட்டுப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பெயர் "சூன்". அதில் "நிச்சயம் பாடும்" முத்திரைப் பாட்டுகள் பாடினவா?

பாடவில்லை! புதுப் பெட்டிக்குப் புதுப் பூட்டு. மைக்ரோசாப்ட் கடையில் வாங்கிய பாட்டு, மைக்ரோசாப்ட் செய்த பெட்டியிலேயே பாடவில்லை. அண்ணன் கடையில் வாங்கிய சாமானைத் தம்பி கடையில் செல்லாது என்றால்கூடப் பொறுக்கலாம். இங்கே இரண்டு கடைக்கும் முதலாளி ஒருவர்தான்!

மாற்றுச் சாவி செய்தவர்கள்

ரியல் நெட்வொர்க்ஸ் என்று ஓர் அமெரிக்கக் கம்பெனி. அதுவும் பாட்டு விற்றது. "ஐபாட் வைத்திருப்பவர்களும் எங்கள் கடையில் வாங்கட்டுமே" என்று நினைத்தது. ஆப்பிளின் பூட்டு எப்படி இருக்கிறது என்று ஆராய்ந்தது. அதைப் போலவே ஒரு பூட்டுச் செய்தது. 2004 ஜூலையில் ரியல் கம்பெனியின் பாட்டுகள் ஐபாடில் பாடின. ஆகஸ்டு மாதம் பாட்டின் விலையையும் 49 சென்டாகக் குறைத்தது.

ஆப்பிளுக்குக் கோபம் வந்தது. "இது கன்னக்கோல் போடுகிறவன் வேலை" என்கிற பாணியில் அறிக்கை விட்டது. டிசம்பரில் ஐபாடின் உள்வேலையில் ஒரு மாற்றம் செய்தது. ரியல் கம்பெனியின் பாட்டுகள் புது ஐபாட்களில் ஊமை ஆகிவிட்டன.

ஆப்பிள் தரப்பிலும் ஒரு நியாயம் சொன்னார்கள். "பூட்டு உடைந்தால் உடனே சரி செய்யவேண்டும் என்று இசைக் கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். செய்யாவிட்டால் பாட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். சாவியைப் பலரிடம் கொடுத்தால் ரகசியம் கசிந்துவிடும்" என்றார்கள். அது இருக்கட்டும். 49 சென்டுக்கு வாங்கினாரே, அந்த மனிதர் செய்த குற்றம் என்ன? அவர் திருடவில்லை. கள்ளப் பாட்டு எடுத்தவரின் ஐபாட் நன்றாகப் பாடியது. காசு கொடுத்தவரின் ஐபாட்தான் ஊமை ஆனது!

சி.டி.க்குள் ஒளிந்தவன்

2005-இல் இன்னும் மோசமான காரியம் நடந்தது. சோனி பி.எம்.ஜி. என்ற இசைக் கம்பெனி, சி.டி.யிலும் பூட்டுப் போட்டது. ஏறத்தாழ 50 தலைப்புகளில், லட்சக்கணக்கான சி.டி.கள்.

அந்த சி.டி.யைக் கம்ப்யூட்டரில் போட்டால் பாட்டு மட்டும் வரவில்லை. ஒரு காவல்காரனும் கூடவே உள்ளே போனான். போனவன் ஒளிந்துகொண்டான். வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாதபடி ஒளிந்தான். அவனைக் கழற்றி எறியப் பார்த்தால், கம்ப்யூட்டர் சி.டி.யைப் படிக்கவே மறுத்தது.

மார்க் ரஸ்ஸினோவிச் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் அக்டோபர் 31-ந் தேதி இதை வெளியிட்டார். சில நாட்களில் கெட்ட மனிதர்கள் செய்த வைரஸ்கள், அந்தக் காவல்காரனின் முதுகுக்குப் பின்னால் ஒளியத் தொடங்கின. டெக்சாஸ் மாநில அரசாங்கம் வழக்குப் போட்டது. கம்பெனி சி.டி.களைத் திரும்பப் பெற்றது. பூட்டு இல்லாத சி.டி.களை மாற்றிக் கொடுத்தது.

திருடனைப் பிடிக்கக் கிளம்பியவர்கள், வாங்கியவர் வீட்டுச் சுவரில் ஓட்டை போட்டுவிட்டார்கள்.

கடை மூடினால் பாட்டு என்ன ஆகும்?

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. கடை என்றால் ஒரு நாள் மூடும். மளிகைக் கடை மூடினால் நீங்கள் வாங்கிய அரிசி மறைந்துபோகுமா?

மைக்ரோசாப்டின் பாட்டுக் கடை 2006-இல் விற்பனையை நிறுத்தியது. வாங்கியவர்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். 2008 ஏப்ரலில் அவர்களுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. "ஆகஸ்டு 31-க்குப் பிறகு எங்கள் சாவி எந்திரத்தை நிறுத்துகிறோம். இப்போது உள்ள கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்கலாம். புதுக் கம்ப்யூட்டருக்குச் சாவி கிடைக்காது."

கம்ப்யூட்டர் என்ன, கருங்கல் அம்மியா? நாலைந்து வருஷம் உழைக்கும். பிறகு போய்விடும். அதோடு காசு கொடுத்து வாங்கிய பாட்டும் போய்விடும் என்றால் எப்படி? ஜனங்கள் கொதித்தார்கள். கண்டனம் வலுத்தது. கம்பெனி இறங்கி வந்தது. 2011 கடைசி வரையில் சாவி தருவதாகச் சொன்னது.

அதே 2008-இல் யாஹூ கம்பெனியும் கடையை மூடியது. செப்டம்பர் 30-ந் தேதி சாவி எந்திரத்தை நிறுத்துவதாக அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும், வாங்கியவர்களுக்கு ஈடு கொடுக்க முன்வந்தது. ஜனங்கள் வாய் திறந்தார்கள். அதனால் நீதி கிடைத்தது. வாய் திறக்காமல் இருந்திருந்தால்?

பூட்டு எப்படிப் போனது?

முதலில் அரசாங்கங்கள் கேள்வி கேட்டன. 2006-இல் பிரான்சு நாட்டுப் பார்லிமென்டு, ஒரு கம்பெனியின் பாட்டு மற்றக் கம்பெனியின் பெட்டியிலும் பாடவேண்டும் என்ற பேச்சை எடுத்தது. ஆப்பிள் எதிர்த்தது. கடைசியில் வந்த சட்டம் கொஞ்சம் மெலிந்த சட்டம்தான். ஆனாலும் கேள்வி எழுந்துவிட்டது. அதே ஆண்டு நார்வே நாட்டில், வாங்குவோர் நலனைக் காக்கும் அதிகாரி ஆப்பிளின் நிபந்தனைகள் சட்டத்துக்கு ஒவ்வாதவை என்று சொன்னார்.

2007 பிப்ரவரி 6-ந் தேதி ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அதில் ஒரு கணக்குச் சொன்னார். 2006-இல் இன்டர்நெட் கடைகளில் விற்ற பூட்டுப் பாட்டுகள் 200 கோடிக்கும் குறைவு. அதே ஆண்டில் பூட்டே இல்லாத சி.டி.களில் இசைக் கம்பெனிகள் விற்ற பாட்டுகள் 2,000 கோடிக்கும் அதிகம்!

அதாவது, வாசல் கதவு அகலத் திறந்து கிடக்கிறது. கொல்லைப்புற ஜன்னலுக்கு மட்டும் பெரிய பூட்டு! இதனால் திருட்டு நிற்குமா? "இசைக் கம்பெனிகள் சம்மதித்தால் பூட்டை நாளைக்கே எடுத்துவிடுகிறோம்" என்ற கருத்தில் ஜாப்ஸ் எழுதினார்.

ஈ.எம்.ஐ. கம்பெனி முதலில் சம்மதித்தது. 2007 மே மாதம் ஆப்பிள் கடையில் பூட்டு இல்லாத பாட்டுகள் வந்தன. விலை மட்டும் 1 டாலர் 29 சென்டு. செப்டம்பரில் அமேசான் கம்பெனி, பூட்டே இல்லாத எம்பி3 பாட்டுகளை விற்கக் கடை திறந்தது. 2008 ஜனவரிக்குள் நாலு பெரிய இசைக் கம்பெனிகளும் அங்கே வந்துவிட்டன. 2009 ஜனவரி 6-ந் தேதி ஆப்பிளும் எல்லாப் பாட்டுகளின் பூட்டையும் எடுப்பதாக அறிவித்தது. ஏற்கனவே வாங்கியவர்கள் பூட்டை எடுக்க ஒரு பாட்டுக்கு 30 சென்டு கொடுக்கவேண்டும் என்றார்கள்! பூட்டியவரே திறப்பதற்கும் கூலி கேட்டார்.

நம் நாட்டில் ஆப்பிளின் பாட்டுக் கடை 2012 டிசம்பரில்தான் திறந்தது. அதற்குள் பூட்டு போய்விட்டது. அந்த மட்டில் நாம் தப்பினோம்.

பூட்டு போனதால் இசை உலகம் அழிந்துவிட்டதா? இல்லை. பாட்டு விற்பனை தொடர்ந்து நடந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஆப்பிள் மீது வாங்கியவர்கள் தொடுத்த வழக்கு, 2014 டிசம்பரில் கலிபோர்னியாவில் விசாரணைக்கு வந்தது. ஆப்பிள் செய்த மாற்றம் மெய்யான முன்னேற்றமே என்று ஜூரிகள் 8 பேரும் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆப்பிள் வென்றது. சட்டத்தின் கேள்விக்கு அது பதில். வாங்கியவருடைய கேள்விக்கு அது பதில் ஆகுமா?

பூட்டு இப்போது எங்கே?

"கதை முடிந்தது" என்று நினைக்காதீர்கள்.

2009 ஜூலையில் அமெரிக்காவில் நடந்தது இது. அமேசானின் "கிண்டில்" என்ற புத்தகப் பெட்டியில் சிலர் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய "1984" என்ற நாவலை வாங்கி வைத்திருந்தார்கள். ஒரு நாள் பார்த்தால் புத்தகத்தைக் காணோம்! விற்றவருக்கு உரிமை இல்லை என்று சொல்லி, அமேசான் தன் இடத்தில் இருந்தபடியே புத்தகத்தை அழித்துவிட்டது. காசைத் திருப்பிக் கொடுத்தது. பிறகு செய்தது தவறு என்று மன்னிப்பும் கேட்டது. ஆனால் யோசித்துப் பாருங்கள். புத்தகக் கடைக்காரர் இரவில் வந்து, உங்கள் அலமாரியைத் திறந்து, புத்தகத்தை எடுத்துக்கொண்டு, மேசை மேல் காசை வைத்துவிட்டுப் போனால், சும்மா இருப்பீர்களா?

2019-இல் மைக்ரோசாப்ட் தன் புத்தகக் கடையை மூடியது. வாங்கிய புத்தகங்கள் எல்லாம் மறைந்தன. காசு திரும்பி வந்தது. புத்தகம் வரவில்லை.

பாட்டிலும் காலம் மாறிவிட்டது. இப்போது பலர் பாட்டை வாங்குவதே இல்லை. மாதாமாதம் பணம் கட்டிக் கேட்கிறார்கள். அது வாடகை வீடு மாதிரி. வாடகை தவறில்லை. கொடுக்கிற வரையில் குடியிருக்கலாம். நிறுத்தினால் வெளியேற வேண்டும். வாடகை என்று தெரிந்து கொடுத்தால் ஏமாற்றம் இல்லை. "விற்பனை" என்று பலகை மாட்டிவிட்டு, வாடகைக்குக் கொடுப்பதுதான் தவறு.

நாம் கேட்பது மூன்று

ஒன்று: விற்பனை என்றால் விற்பனை, வாடகை என்றால் வாடகை என்று பளிச்சென்று எழுதவேண்டும். படிக்க முடியாத பொடி எழுத்தில் நாற்பது பக்கம் எழுதி, "சம்மதம்" என்ற இடத்தில் அமுக்கச் சொல்வது நியாயம் அல்ல. கலிபோர்னியா மாநிலம் 2024-இல் இதற்கு ஒரு சட்டம் செய்தது. 2025 ஜனவரி முதல் அது அமலில் இருக்கிறது. வாங்குபவருக்குக் கிடைப்பது அனுமதி மட்டும்தான் என்றால், அதைத் தெளிவாகச் சொல்லாமல் "வாங்குங்கள்" என்ற சொல்லைப் போடக்கூடாது. நல்ல சட்டம். மற்ற நாடுகளும் செய்யலாம்.

இரண்டு: கடையை மூடுகிறவர், மூடும் முன் பூட்டைத் திறந்துவிட வேண்டும். முடியாது என்றால் முழுக் காசையும் திருப்பித் தரவேண்டும். இது கருணை அல்ல, கடமை.

மூன்று: ஒரு கடையில் வாங்கியது எல்லாப் பெட்டியிலும் பாடவேண்டும். இசைத்தட்டு எந்திரத்தில் வைத்தார்களே ஒரு சிறிய விசை, அந்த நல்ல புத்தி கம்பெனிகளுக்கு வரவேண்டும். தானாக வராவிட்டால் அரசாங்கம் வரவழைக்க வேண்டும்.

நம் நாட்டுச் சட்டம் ஒரு விதத்தில் பரவாயில்லை. அமெரிக்காவில் 1998-இல் செய்த சட்டம், பூட்டை உடைப்பதையே பொதுவாகக் குற்றம் என்றது. இந்தியாவில் 2012-இல் வந்த சட்டத் திருத்தம், பிறர் உரிமையைப் பறிக்கும் எண்ணத்தோடு பூட்டை உடைத்தால்தான் தண்டனை என்கிறது. 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. எண்ணத்தைப் பார்க்கிற சட்டம், மனிதனைப் பார்க்கிற சட்டம்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கள்ளப் பாட்டு, கள்ளப் படம், கள்ளப் புத்தகம் எடுக்காதீர்கள். நம் பக்கம் நியாயம் இருக்கவேண்டுமானால், நம் கை சுத்தமாக இருக்கவேண்டும். காசு கொடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இது எனக்குச் சொந்தமா, வாடகையா? வேறு பெட்டியில் வேலை செய்யுமா? கடை மூடினால் என்ன ஆகும்?

குழந்தைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். அவர்கள்தான் நாளைக்கு அதிகமாக வாங்கப் போகிறவர்கள்.

2022 மே மாதம் ஆப்பிள் கம்பெனி ஐபாட் செய்வதை நிறுத்தியது. சோனியின் கடை மூடி வெகு நாள் ஆயிற்று. மைக்ரோசாப்டின் "சூன்" பெட்டியும் போய்விட்டது. சண்டை போட்ட மூன்று பெட்டிகளில் ஐபாடும் சூனும் இன்று விற்பனையில் இல்லை. ஆனால் 1963-க்குப் பிறகு வாங்கிய பழைய கேசட் ஒன்று உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கலாம். தூசி தட்டி, எந்தக் கம்பெனிப் பெட்டியில் வேண்டுமானாலும் போட்டுப் பாருங்கள். நாடா நல்ல நிலையில் இருந்தால் பாடும். யாரிடமும் அனுமதி கேட்காது.

காசு கொடுத்து வாங்கிய பொருள் அப்படித்தான் இருக்கவேண்டும்.